பிளேசிங் சாடில்ஸ்: லாக்கப்பில் தலைகீழாகத் தொங்கிய ஜிம்மும் ஷெரிஃப் பார்ட்டும்

ரீல்பெட்டி:
நேற்று ராத்திரி மறுபடியும் ‘பிளேசிங் சாடில்ஸ்’ பார்த்தேன். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். மெல் புரூக்ஸ் எடுத்த கௌபாய் நையாண்டிப் படம், 1974. பேச்செடுத்தால் எல்லாரும் உடனே அந்தக் காட்சியைத்தான் சொல்வார்கள், ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பீன்ஸ் தின்றுவிட்டு வரிசையாகக் காற்று விடுவார்களே, அது. இல்லாவிட்டால் குதிரையை ஒரே குத்தில் சாய்க்கும் முரடன் மோங்கோ. எனக்கு இந்தத் தடவை மனசில் நின்றது பார்ட்டும் ஜிம்மும்தான்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. கதை நடப்பது 1874இல். ராக் ரிட்ஜ் என்ற ஊர் வழியாக ரயில் பாதை போயாக வேண்டும். ஊர்க்காரர்களை விரட்டிவிட்டால் நிலத்தைச் சும்மா அமுக்கிவிடலாம் என்று ஹெட்லி லமார் என்ற அதிகாரி கணக்குப் போடுகிறான். தூக்கில் போட வைத்திருந்த கறுப்பினத் தொழிலாளி பார்ட்டை அந்த ஊருக்கு ஷெரிஃபாக, அதாவது ஊர்க்காவல் அதிகாரியாக, அனுப்புகிறான். ஒன்று ஊர் பார்ட்டைக் கொல்லும், இல்லை ஊரே காலி செய்துவிட்டுப் போகும். எப்படியானாலும் அவனுக்கு லாபம்.

பார்ட் வந்து இறங்குகிறான். வரவேற்புக்கு வந்த மொத்த ஊரும் துப்பாக்கியைத் தூக்குகிறது. அந்த ஊரில் அவனோடு மனுஷனாகப் பேசும் முதல் ஆள், லாக்கப்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு குடிகாரன். வெள்ளைக்காரன். ஒரு காலத்தில் ‘வேக்கோ கிட்’ என்று பேர் வாங்கிய துப்பாக்கிக்காரன். அவன்தான் ஜிம்.

அங்கிருந்து படம் முடியும்வரை இருவரும் ஒரு தடவைகூடச் சண்டை போடுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? சேராத இரண்டு பேரைச் சேர்த்து வைக்கும் படம் என்றால் முதலில் முறைப்பார்கள், நடுவில் ஒட்டுவார்கள், கடைசி அரை மணி நேரத்துக்கு முன்னால் ஒரு மனஸ்தாபம் வரும், பிரிவார்கள், சேர்வார்கள். இதில் அது எதுவுமே இல்லை. இதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

கடைசிவரிசை:
அண்ணே, சரியான இடத்தைத் தொட்டீங்க.

சண்டை இல்லாததற்குக் காரணம், அதற்கு வேண்டிய வேலையை முதல் அரை நிமிஷத்திலேயே முடித்துவிடுகிறார்கள். ஜிம்மாக நடிக்கும் ஜீன் வைல்டரின் முகம் தலைகீழாக, தலைமுடி தரையைப் பார்த்துத் தொங்க, கண் பாதி திறந்து இருக்கிறது. எதிரே ஷெரிஃப் நட்சத்திரம் குத்திய ஒரு கறுப்பர். ஜிம்முக்கு இது கனவா நிஜமா என்று தெரியவில்லை. நாம கறுப்பா என்று கேட்கிறான். ஆமாம் என்று பார்ட் சொல்கிறான். அப்படியென்றால் முழிப்புதான், ஆனால் ஒரே குழப்பமாக இருக்கிறது என்கிறான் ஜிம். அவ்வளவுதான் பஞ்சாயத்து. அதற்கப்புறம் பார்ட்டின் நிறம் ஜிம்முக்கு ஒரு விஷயமே இல்லை. ஒரு தகவலாகக் கேட்டான், பதில் வந்தது, வாங்கி வைத்துக்கொண்டான்.

மற்ற ஆட்கள் எல்லாம் நேராக நின்றுகொண்டு கோணலாகப் பார்க்கிறார்கள். தொங்குகிறவன் ஒருத்தன்தான் நேராகப் பார்க்கிறான். இது நானாகக் கற்பித்துக்கொள்வதாகக்கூட இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும்.

சப்டைட்டில்காரி:
இந்த ஒரு வசனத்தில் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டு கிடந்தேன். யாரும் கேட்கவில்லை, சம்பளமும் கிடையாது, சும்மா ஆசைக்குத் தமிழ் சப்டைட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மூலத்தில் பார்ட், ஜிம்மைப் பார்த்து ‘நாம்’ போட்டுத்தான் கேட்கிறான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்பாரே, அந்த மாதிரி. நம்மிடம் இயல்பாக வருவது “என்ன, முழிச்சாச்சா?” என்பதுதான். ஆனால் அப்படிப் போட்டால் அடுத்த வரி செத்துவிடும், ஏனென்றால் ‘முழிச்சாச்சா’வில் ‘நாம்’ என்ற ஆளே இல்லை. அப்புறம் ஞாபகம் வந்தது, குழந்தையிடம் நாமும் “சாப்பிட்டோமா? தூங்கினோமா?” என்று கேட்பதுண்டு. இப்போது இப்படி வைத்திருக்கிறேன்:

“முழிச்சிட்டோமா?”
“சரியாத் தெரியலை. நாம... கறுப்பா?”
“ஆமா. கறுப்புதான்.”
“அப்ப முழிச்சிட்டோம். ஆனா ரொம்பக் குழம்பிப் போயிருக்கோம்.”

இதில் ஒரு வேடிக்கை. ஆங்கிலத்தில் ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் எழுதும்போது ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ‘நாங்க’ போட முடியாது, அதில் பார்ட்டுக்கு இடம் இல்லை. ‘நாம’ போட்டால் ஜிம் தன்னையும் சேர்த்துக்கொண்டுதான் நாம கறுப்பா என்று கேட்கிறான். மூலத்தில் வெறும் கிண்டலாகக் கடந்துபோகிற இடம் தமிழில் இன்னும் ஒரு படி உள்ளே போய்விடுகிறது.

ரீல்பெட்டி:
@சப்டைட்டில்காரி, இதை நான் யோசித்ததே இல்லை. இழையின் தலைப்பையே ‘நாம கறுப்பா’ என்று மாற்றியிருக்கலாம்.

குதிரைலாடம்:
எனக்கு ஒரு முட்டல் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். கடைசியில் இதுவும் வெள்ளைக்காரன் வந்து கறுப்பனைக் காப்பாற்றும் கதைதானே? ரயில் பாதை வேலை நடக்கும் இடத்தில் பார்ட்டைச் சுட எல்லாரும் துப்பாக்கியை எடுக்கிறார்கள். ஜிம் அசைந்த மாதிரிகூடத் தெரியவில்லை, எல்லார் கையிலிருந்தும் துப்பாக்கி பறக்கிறது. அவன் இல்லாவிட்டால் பார்ட் அன்றைக்கே காலி.

ரயில்பாதை:
சார், அந்த ஒரு காட்சியை வைத்து முடிவு கட்டாதீர்கள். மற்றதையும் எண்ணிப் பாருங்கள்.

ஊரே சுட நிற்கும்போது தன் தலையிலேயே துப்பாக்கியை வைத்து, யாராவது அசைந்தால் இந்த ஆளைச் சுட்டுவிடுவேன் என்று தன்னைத்தானே பிணைக்கைதியாகப் பிடித்துக்கொண்டு தப்புகிறானே, அது பார்ட் தனியாகச் செய்தது. அப்போது ஜிம்மை அவன் பார்த்ததுகூட இல்லை. மோங்கோவை மடக்கியதும் பார்ட்டின் மூளை. ஜிம் அங்கே செய்தது ஒரு எச்சரிக்கை மட்டும்: அவனைச் சுடாதே, சுட்டால் கோபம்தான் வரும். லமார் ஏவி மயக்க வந்த பாட்டுக்காரி லிலியைத் தன் பக்கம் சாய்த்தது பார்ட். லமாரின் ஆட்களை ஏமாற்ற ஊரைப் போலவே ஒரு பொய் ஊரை ஒரே ராத்திரியில் கட்டிவிடலாம் என்ற திட்டமும் அவனுடையதுதான். கட்டிக்கொடுக்கும் ரயில் தொழிலாளர்களுக்கு நிலம் தர வேண்டும் என்று ஊர்க்காரர்களிடம் பேரம் பேசி நிற்பதும் அவனே. கறுப்பர்களுக்கும் சீனர்களுக்கும் தருகிறோம், ஐரிஷ்காரர்களுக்கு மட்டும் மாட்டோம் என்று அந்த ஊர் இழுக்கும் பாருங்கள்!

யோசனை எல்லாம் பார்ட், கை மட்டும் ஜிம். அந்தக் கையும் நடுங்குகிற கை.

கடைசிவரிசை:
நடுங்குகிற கை என்றதும் ஞாபகம். ஒரு கையை நீட்டிக் காட்டுவான். பாறை மாதிரி நிற்கிறதே என்பான் பார்ட். ஆமாம், ஆனால் நான் சுடுவது இந்தக் கையால் என்று மற்றக் கையைத் தூக்குவான், அது உடுக்கை மாதிரி ஆடும். அந்த இடத்தில் பார்ட்டாக நடிக்கும் கிளீவன் லிட்டில் முகத்தைப் பாருங்கள். பரிதாபம் காட்டவே மாட்டார்.

அரைடிக்கெட்:
இந்த மாதிரிப் படம் இப்போது எடுக்கவே முடியாது, காலம் கெட்டுப்போச்சு

ரீல்பெட்டி:
@அரைடிக்கெட் தம்பி, அதற்கு ஏற்கெனவே நாலு இழை ஓடுகிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள். இங்கே நட்பு மட்டும்.

குதிரைலாடம்:
@ரயில்பாதை, சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு இதற்குப் பதில் சொல்லுங்கள். பார்ட்டின் நிஜமான நண்பன் சார்லி இல்லையா? ஆரம்பத்தில் ரயில் பாதையில் கூடவே வேலை செய்தவன். அவனை விட்டுவிட்டு ஏன் எல்லாரும் ஜிம்மைப் பற்றியே பேசுகிறோம்?

ரயில்பாதை:
நல்ல கேள்வி. என் பார்வையில் ஜிம்மைப் புரிந்துகொள்ளவே சார்லி வேண்டும்.

புதைமணல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி இருவரையும் டிராலியில் அனுப்புகிறார்கள். குதிரையை அனுப்பக்கூட மனசு வரவில்லை, இவர்களை அனுப்புகிறார்கள். டிராலியோடு இருவரும் கழுத்துவரை மூழ்குகிறார்கள். மேஸ்திரி டாகர்ட் சுருக்குக் கயிறு வீசச் சொல்கிறான், டிராலிக்கு. அது 400 டாலர் ஆச்சே! டிராலியை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். இரண்டு பேரும் தாங்களாகவே ஏறி வருகிறார்கள். பார்ட் மண்வெட்டியை எடுத்து டாகர்ட்டின் மண்டையில் ஒன்று போடுகிறான். தூக்குத் தண்டனை அதற்காகத்தான்.

ஆக, வெள்ளைக்காரர்கள் கண்ணில் தன் விலை 400 டாலருக்குக் கீழே என்று தெரிந்துகொண்டு ராக் ரிட்ஜுக்கு வருகிற ஆள் அவன். அப்படிப்பட்டவன் லாக்கப்பைத் திறந்து ஒரு வெள்ளைக்காரனை வெளியே விட்டு, “நீங்க விருந்தாளி, நான் வீட்டுக்காரன், என்ன பிரியமோ சொல்லுங்க” என்று உபசரிக்கிறான். ஜிம் முதலில் செஸ் என்கிறான், இரண்டாவதாகச் சொன்னதை இங்கே எழுத முடியாது. சரி, செஸ்ஸே ஆடலாம் என்கிறான் பார்ட். புதைமணலுக்குப் பிறகு இந்த மரியாதை ஒன்றும் சின்ன விஷயம் இல்லை. அதுவும் முதல் அடி எடுத்து வைப்பது பார்ட்தான், ஜிம் இல்லை. காப்பாற்றும் கதை என்று சொல்வதாக இருந்தால் யார் யாரை என்று மறுபடி யோசியுங்கள். ஜிம் ஒரு முழு பாட்டிலை மூச்சு விடாமல் குடிப்பதைப் பார்த்துவிட்டு, இப்படிக் குடித்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் செத்துப்போவாய் என்கிறான் பார்ட். எப்போது என்று ஜிம் கேட்கிறான். ஆசையாகக் கேட்கிறான்.

கடைசிவரிசை:
அந்த “எப்போது” எனக்கு இப்போதெல்லாம் சிரிப்பு வருவதில்லை. காரணம் படத்துக்கு வெளியே இருக்கிறது. ஜிம்மாக முதலில் நடிக்க வந்தவர் கிக் யங், ஆஸ்கார் வாங்கிய நடிகர். முதல் நாள் படப்பிடிப்பிலேயே உடம்பு முடியாமல் விழுந்துவிட்டார். குடிப் பழக்கம் உடம்பை அந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தது. அவசர அவசரமாக ஜீன் வைல்டரை வரவழைத்தார்கள். வைல்டர் போட்ட நிபந்தனை, அடுத்து என் ‘யங் ஃபிராங்கன்ஸ்டைன்’ யோசனையைப் படமாக எடுக்க வேண்டும் என்பது. அதுவும் அதே 1974 டிசம்பரில் வந்துவிட்டது.

வைல்டர் குடிகாரனாக நடிக்கும்போது தள்ளாடவில்லை, நாக்குக் குழறவில்லை. மெதுவாக, ரொம்ப மென்மையாக, காய்ச்சலில் எழுந்தவன் மாதிரி பேசுகிறார். ஆறு வயசுப் பையன் ஒருத்தன் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தானாம், இவன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி நடந்தானாம், பையன் பின்பக்கத்தில் சுட்டுவிட்டானாம். அதிலிருந்து பாட்டிலுக்குள் போனவன் வெளியே வரவில்லை. கதை கோமாளித்தனம்தான், சொல்கிற குரல் கோமாளிக் குரல் இல்லை.

சப்டைட்டில்காரி:
பார்ட் வேஷமும் அப்படித்தான் கைமாறியது. திரைக்கதை எழுதிய ஐந்து பேரில் கறுப்பின நகைச்சுவை நடிகர் ரிச்சர்ட் பிரையரும் ஒருவர். அவரையே பார்ட்டாகப் போட புரூக்ஸ் ஆசைப்பட்டார், ஸ்டுடியோ ஒப்புக்கொள்ளவில்லை. பிராட்வே நாடக மேடையில் 1970இல் டோனி விருது வாங்கிய கிளீவன் லிட்டில் வந்தார். பிரையரும் வைல்டரும் பின்னால் ‘சில்வர் ஸ்ட்ரீக்’, ‘ஸ்டிர் கிரேஸி’ என்று ஜோடி போட்டுக் கலக்கினார்கள், அது வேறு ருசி. பிரையரிடம் எப்போதும் ஒரு சூடு இருக்கும், எந்த நேரமும் வெடிப்பார் என்று தோன்றும். லிட்டில் அப்படி இல்லை. ‘கூச்சி’ (Gucci) கம்பெனியின் பகட்டான பேகில் சாமான், இஸ்திரி கலையாத சட்டை, ஊரே திட்டும்போதும் ஒரு சின்னப் புன்னகை. ஊருக்கு வெளியே பாலைவனத்தில் ஜாஸ் இசைக்கலைஞர் கவுன்ட் பேஸி தன் வாத்தியக் கோஷ்டியோடு உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பார், போகிற போக்கில் அவருக்குக் கை கொடுத்துவிட்டுப் போகும் ஷெரிஃப்! அந்த நிதானத்துக்கு வைல்டரின் நடுக்கம்தான் பொருத்தம். இரண்டு பேரும் சத்தம் போடாத ஆட்கள், சுற்றி ஊர் முழுக்கக் கூச்சல்.

ரீல்பெட்டி:
இதுவரை யாரும் அந்தக் காட்சிக்கு வரவில்லை, நானே வருகிறேன்.

பார்ட் காலையில் தெருவில் நடந்து போகிறான். எதிரே ஒரு பாட்டி. தொப்பியைத் தொட்டு அழகாகக் காலை வணக்கம் சொல்கிறான். பாட்டி வாயில் வருவது கெட்ட வார்த்தை, அதோடு இன வசை. அடுத்த காட்சி ஆபீஸில், பார்ட் தொங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறான். படத்தில் அவன் முகம் அப்படி வாடுவது ரொம்ப அபூர்வம். ஜிம் பக்கத்தில் வருகிறான். பின்னே என்ன எதிர்பார்த்தாய், வாப்பா உட்காரு, என் பொண்ணைக் கட்டிக்கோ என்பார்கள் என்றா? அப்புறம் குரலைத் தழைத்து, பாட்டு மாதிரி, இவர்கள் எல்லாம் எளிய விவசாயிகள், மண்ணின் மக்கள், புதிய மேற்கின் களிமண் என்று அடுக்கிக்கொண்டே போகிறான். நிறுத்துகிறான். அப்புறம், “அதான்... முட்டாப் பசங்க.”

லிட்டில் சிரிக்கிறார் பாருங்கள். அது பார்ட் சிரிப்பதா லிட்டில் சிரிப்பதா என்று எத்தனை தடவை பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. தோள் குலுங்கி, தலை சாய்ந்து, அடக்க முடியாமல் வரும் சிரிப்பு. நடிப்பு என்றால் பெரிய நடிப்பு.

ஆறுதல் சொல்வதில் ஒரு தினுசு உண்டு. எனக்கு வேலை போன சமயம் சொந்தக்காரர்கள் எல்லாம் “எல்லாம் நல்லதுக்குத்தான்” என்றார்கள். கூட வேலை பார்த்த ஒருத்தன் மட்டும் டீக்கடைக்குக் கூட்டிப்போய் மேனேஜர் நடக்கிற மாதிரி நடந்து காட்டினான். அன்றைக்குத்தான் ராத்திரி தூங்கினேன். ஜிம் அந்த ரகம்.

குதிரைலாடம்:
அந்தப் பாட்டி பின்னால் ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுவருவாரே. ஜன்னல் வழியாக, ராத்திரியில். மன்னிப்புக் கேட்பார். அப்புறம், நான் உங்களோடு பேசியதை வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வார். இப்போதுதான் உறைக்கிறது, ஜிம்மிடம் அந்த ‘வெளியே சொல்லாதே’ கிடையாது. முதல் நாளிலிருந்து பட்டப்பகலில் தெருவில் பார்ட்டோடு நடக்கிறான்.

சரி, நான் தோற்றேன். மீதிப் பாதியும் உங்களுக்கே.

ரயில்பாதை:
சார், தோற்றதற்கு ஒரு பரிசு. இன்னொரு இடம் இருக்கிறது. ஊரை அழிக்க லமார் ஆள் சேர்க்கும் வரிசையில் நுழைய இவர்களுக்கு இரண்டு கிளான் அங்கி வேண்டும், கறுப்பர்களை வேட்டையாடிய கு கிளக்ஸ் கிளான் கும்பல் போடும் முகமூடி அங்கி. ஜிம், இங்கே பாருங்கடா நான் பிடித்து வைத்திருப்பதை என்று முகமூடிக்காரர்களைக் கூப்பிடுகிறான். பாறைக்குப் பின்னாலிருந்து பார்ட் தலை நீட்டி, வெள்ளைக்காரப் பெண்கள் எங்கே என்று கேட்கிறான். அவன்களுக்கு எது பயமோ அதையே தூண்டிலில் மாட்டி இழுக்கிறார்கள். பிடிக்கிற வெள்ளையன், பிடிபட்ட கறுப்பன் என்று உலகம் எதிர்பார்க்கும் வேஷத்தை இருவரும் போட்டு ஆடுகிறார்கள். உள்ளுக்குள் அந்த இன வெறுப்பு துளி இருந்திருந்தாலும் அந்த விளையாட்டை ஆட முடியாது.

வரலாற்றுப் பக்கமும் ஒரு வரி. படம் நடக்கும் 1874ஐ வைத்து, கறுப்பினச் சட்ட அதிகாரி என்பதே நடக்காத கூத்து என்று நினைப்போம். அடுத்த வருஷமே, 1875இல், பாஸ் ரீவ்ஸ் என்பவர் ஆர்க்கன்சாவின் ஃபோர்ட் ஸ்மித் நீதிமன்றத்தின் கீழ் துணை மார்ஷலாகிவிட்டார், அடிமையாகப் பிறந்தவர். பல வருஷம் அந்த வேலை பார்த்தார். பழைய கௌபாய் படங்கள் அந்த ஆட்களை எல்லாம் சட்டகத்துக்கு வெளியே நிறுத்தியிருந்தன. புரூக்ஸ் கோஷ்டி கிண்டல் செய்தது அந்தப் படங்களைத்தான்.

அரைடிக்கெட்:
அண்ணே மன்னிச்சுக்கோங்க, முதலில் அவசரப்பட்டு எழுதிட்டேன். நேற்று ராத்திரி உட்கார்ந்து முழுசா பார்த்தேன். பேர் கேட்கும்போது “என் பேர் ஜிம், ஆனா எல்லாரும் என்னைக் கூப்பிடுறது... ஜிம்”னு சொல்வானே, அதுக்கே விழுந்து விழுந்து சிரிச்சேன். ஒரு சந்தேகம், தமிழில் போட்டா அவங்க ரெண்டு பேரும் நீங்கன்னு பேசிக்குவாங்களா, நீன்னா, இல்லை வாடா போடாவா?

சப்டைட்டில்காரி:
தம்பி, என் மூன்றாவது நாள் தலைவலியே அதுதான்.

செஸ் காட்சிவரை இரண்டு பக்கமும் ‘நீங்க’. பார்ட் உபசரிக்கும் தொனிக்கு அதுதான் பொருந்தும். ஜிம்மும் அவனைப் பார்த்து, இத்தனை பகட்டான பட்டணத்து ஆள் இந்தப் பட்டிக்காட்டில் என்ன பண்றீங்க என்று கேட்பான், அதுவும் ‘நீங்க’. பிறகு அந்த முட்டாப் பசங்க காட்சியில் ஜிம் “பின்னே என்ன எதிர்பார்த்தே?” என்று ‘நீ’க்கு இறங்குகிறான். அங்கே இறங்கினால்தான் ஆறுதல் ஆகும். அதிலிருந்து இருவரும் ‘நீ’. ‘டா’ கடைசிவரை கிடையாது. போட்டுப் பார்த்தேன், உடனே இரண்டு பேரும் காலேஜ் பையன்கள் ஆகிவிட்டார்கள்.

கடைசிவரிசை:
‘டா’ வேண்டாம், முழு ஆதரவு. கடைசிக் காட்சி எப்படி வந்திருக்கிறது? அதைச் சொல்லாமல் போகாதீர்கள்.

சப்டைட்டில்காரி:
சண்டை படத்தை விட்டே வெளியேறி, ஸ்டுடியோவுக்குள் புகுந்து, ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டர் வாசலுக்கு வந்துவிடுகிறது. லமாரை அங்கே சுட்டுவிட்டு, முடிவு சுபமாக இருக்க வேண்டும், எனக்குச் சுபம்தான் பிடிக்கும் என்று ஜிம் சொல்ல, இருவரும் தங்கள் படத்தின் முடிவைப் பார்க்க டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். திரையில் பார்ட் ஊரிடம் விடைபெறுகிறான், நீதி தேவைப்படும் இடத்துக்கு எல்லாம் போக வேண்டும் என்று பெரிதாக அளக்கிறான், ஊரே ஒரே குரலில் கெட்ட வார்த்தை சொல்கிறது. சரி, இங்கே போர் அடிக்கிறது என்று உண்மையை ஒத்துக்கொள்கிறான். அந்தத் திரையிலேயே ஊரை விட்டு வெளியே வந்தால் ஜிம் நிற்கிறான், கையில் தியேட்டர் பாப்கார்ன் இன்னும் இருக்கிறது.

எங்கே கிளம்பிவிட்டாய் என்று ஜிம் கேட்க, குறிப்பாக எங்கேயும் இல்லை என்கிறான் பார்ட். அந்தப் பதிலையே ஒரு ஊர்ப் பெயர் மாதிரி எடுத்துக்கொண்டு, அங்கே போக எனக்கு எப்பவும் ஆசை என்பான் ஜிம். ‘குறிப்பா எங்கேயும் இல்லை’ என்பது தமிழில் ஊர்ப் பெயர் ஆகாது. ஒரு வாரம் தேடினேன். பஸ்ஸில் போகும்போது பின் சீட்டில் ஒரு அம்மா யாரிடமோ போனில் “சும்மாதான்” என்றார். கிடைத்துவிட்டது.

“எங்கே கிளம்பிட்டே?”
“சும்மாதான்.”
“சும்மாவா? அந்த ஊருக்குப் போகணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை.”
“வா.”

ரீல்பெட்டி:
அப்புறம் குதிரையில் கொஞ்ச தூரம் போய், இறங்கி, காத்திருக்கும் கறுப்பு லிமோசினில் ஏறிப் போவார்கள். குதிரைகளை யாரிடமோ சாவகாசமாகக் கொடுத்துவிட்டு.

சப்டைட்டில் முடிந்ததும் இங்கேயே சொல்லுங்கள். வீட்டில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டணும், பீன்ஸ் காட்சியில் மட்டும் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.